செம்மண்ணில் ஜாக்கி ஏன் சாய்கிறது?

கந்தர்வகோட்டை, ஆதனக்கோட்டைப் பக்கத்து வீட்டு வாசல்கள் பெரும்பாலும் செம்மண். வெயிலில் கல்லாய் இறுகும். ஐப்பசி மழையில் இளகும். தாழ்வான காரைத் தூக்க இது மோசமான தரை.

காரணம் கணக்கில் இருக்கிறது. சிறிய கார் ஒன்றின் ஒரு மூலையைத் தூக்க ஏறத்தாழ 250 கிலோ பாரம் ஜாக்கியில் இறங்கும். அதன் அடித்தட்டு 80 சதுர செ.மீ. என்றால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 3 கிலோவுக்கு மேல். அடியில் 30 செ.மீ. சதுரக் கெட்டிப் பலகை வைத்தால் அது 0.3 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். செங்கல், செம்புராங்கல் மட்டும் வேண்டாம், திடீரென்று உடையும்.

இன்னொரு சங்கதி: கார் நேராக மேலே எழுவதில்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்களை அச்சாக்கி வில்போல் வளைந்து எழுகிறது. தாங்கும் இடம் பக்கவாட்டில் நகர, ஜாக்கியும் கூடவே சாய்கிறது.

ஜாக்கி உள்ளே நுழையவில்லையா? முதலில் தூக்க வேண்டிய பக்கத்துச் சக்கரங்களை அகலமான பலகைமேல் ஏற்றுங்கள். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்சக்கரம் இரண்டும் எழும்பினால், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கால் பயனில்லை; ஆகவே முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் கியரும் போட்டிருக்கட்டும். சக்கரத்தைக் கழற்றுவதானால், காரைத் தூக்குமுன்பே அதன் நட்டுகளைத் தளர்த்துங்கள்.

திருகு ஜாக்கி மரையின் உராய்வால் நிற்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கியைத் தாங்குவதோ எண்ணெயும் ஒரு ரப்பர் வளையமும்தான். வளையம் கசிந்தால் கார் இறங்கும். அதனால் ஜாக்கி தூக்க மட்டுமே. தாங்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். அது இல்லையென்றால் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள்.