பத்தாயிரம் ஸ்லைடுகளில் ஓர் எஞ்சின்

ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் புகை கக்கியபடி விரைகிறது. அதன் நெற்றியில் 4014 என்ற எண். வண்ணம் மங்காத அழகிய ஸ்லைடு. ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு என்று எங்கும் எழுதவில்லை. எடுத்தவரும் இப்போது இல்லை. இப்படத்தால் வரலாற்றுக்கு என்ன பயன்?

அமெரிக்காவில் 1940, 1950-களில் நீராவி எஞ்சின்கள் மறைந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. 35 மி.மீ. காமிராவுக்கான கோடாக்ரோம் வண்ணப் பிலிம் 1936-இல் விற்பனைக்கு வந்திருந்தது. எனவே ரயில் ஆர்வலர் பலர் அந்த மாற்றத்தை வண்ணத்திலேயே பதிவு செய்தனர். ஒருவரிடமே ஆயிரக்கணக்கில் ஸ்லைடுகள் சேர்ந்தன. அவற்றை ஒழுங்குபடுத்துவது எப்படி?

ரயில்வே வாரியாக அடுக்கலாமா, ஊர் வாரியாகவா, ஆண்டு வாரியாகவா? ஒரு ஸ்லைடு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அதைத் தேடி வருபவர் எந்த வழியாகவும் வரலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மாறாத தொடர் எண் ஒன்று கொடுத்து, அந்த வரிசையிலேயே பெட்டியில் வைத்துவிட வேண்டும். வகைப்படுத்தும் வேலை அட்டவணைக்கு உரியது. ரயில்வே, எஞ்சின் எண், இடம், நாள் ஆகியவற்றை அதில் குறித்தால் போதும். முன்பு இதற்கு நான்கு அட்டைகள் எழுத வேண்டியிருந்தது. இன்று கணிப்பொறியில் ஒரு வரி எழுதினால், வேண்டிய முறையில் அதுவே வரிசைப்படுத்தித் தரும்.

குறிப்பில்லாத ஸ்லைடுகளை என்ன செய்வது? படமே சில தடயங்களைத் தரும். 4014 என்பது யூனியன் பசிபிக் ரயில்வேயின் 'பிக் பாய்' வகை எஞ்சின். 1941-இல் கட்டப்பட்டு, 1959 வரை ஓடியது. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் காட்சிப்பொருளாக நின்றது. பழுதுபார்க்கப்பட்டு 2019-இல் மீண்டும் ஓடியது. கோடாக்ரோம் தயாரிப்போ 2009-இல் நின்றுவிட்டது. ஆகவே, ஸ்லைடின் சட்டத்தில் கோடாக்ரோம் என்று இருந்தால், ஓடும் இந்த எஞ்சின் 1959-க்குள் எடுக்கப்பட்டதே!

பல அட்டைச் சட்டங்களில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது பிலிம் கழுவப்பட்ட காலம். படமெடுத்த நாள் அன்று. பிலிம் காமிராவிலேயே பல மாதங்கள் கிடந்திருக்கலாம். ஊகித்து அறிந்ததைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள். இல்லையேல் நம் ஊகம் அடுத்தவர் கையில் உண்மையாகிவிடும்.

குறிப்பைச் சட்டத்தின் மீது மட்டுமே எழுத வேண்டும். ஸ்லைடுகளைப் பி.வி.சி. உறைகளில் வைக்கலாகாது, அதிலிருந்து வெளிப்படும் பொருள்கள் படத்தைக் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் உறைகள் ஏற்றவை. ஈரமும் வெப்பமும் குறைந்த இருண்ட இடமே நல்லது. கோடாக்ரோமின் சாயங்கள் இருளில் நெடுங்காலம் நிலைக்கும். புரொஜெக்டர் ஒளியிலோ விரைவில் வெளுக்கும். எனவே அடிக்கடி திரையிடுவதைத் தவிர்த்தல் நலம்.

வேலையை எங்கே தொடங்குவது? பழைய பெட்டியிலிருந்து அன்று, எடுத்தவரின் நினைவிலிருந்து. அவர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாயத்தைவிட விரைவில் மங்குவது நினைவுதான்.