நீள்பெருங்குடலும் குடல் முறுக்கமும்

நீள்பெருங்குடல் என்பது பெருங்குடல் இயல்பைவிட நீண்டு, வயிற்றறைக்குள் இடம் போதாமல் கூடுதலான மடிப்புகளோடும் வளைவுகளோடும் கிடக்கும் உடலமைப்பு ஆகும். மருத்துவ அறிக்கைகளில் இது 'டோலிகோகோலன்' என்றோ 'ரிடன்டன்ட் கோலன்' என்றோ எழுதப்படும். 'டோலிகோஸ்' என்பது நீளம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். இது தனியே ஒரு நோய் அன்று. இவ்வமைப்பு உள்ளவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அதை அறியாமலேயே இருந்துவிடுகின்றனர். ஆனால் நீண்ட குடல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் ஏற்படும் குடல் முறுக்கம், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது. அன்றாடத் தொல்லையையும் அவசர நிலையையும் பிரித்தறிவதே இதில் முக்கியம்.

குடலின் அமைப்பு

வயது வந்தவரின் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுடையது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர். 'பெரு', 'சிறு' என்னும் அடைகள் அகலத்தைக் குறிப்பவை, நீளத்தை அல்ல. தேர்வுத்தாளில் மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது.

பெருங்குடல் வலது அடிவயிற்றில், குடல்வால் இருக்குமிடத்தில் தொடங்குகிறது. வலப்புறமாக மேலேறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே சென்று, மண்ணீரலின் அருகே மீண்டும் திரும்பி, இடப்புறமாகக் கீழிறங்குகிறது. மலக்குடலைச் சேரும் முன் கிரேக்க எழுத்தான சிக்மாவைப் போல வளைகிறது. ஆகவே அந்தப் பகுதிக்குச் சிக்மாய்டு பெருங்குடல் என்று பெயர். இக்கட்டுரையில் அதை வளைகுடல் என்றே குறிப்பிடுவோம்.

மேலேறும் பகுதியும் கீழிறங்கும் பகுதியும் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டியிருக்கும். அவை எளிதில் நகர்வதில்லை. குறுக்குப் பகுதியும் வளைகுடலும் அப்படியல்ல. ஒரு மெல்லிய சவ்வு அவற்றைப் பின்சுவரிலிருந்து தாங்கி நிற்கிறது. குடலுக்கு வேண்டிய இரத்தக்குழாய்கள் அந்தச் சவ்வின் வழியாகத்தான் வருகின்றன. வளைகுடல் மிக நீண்டு, அதைத் தாங்கும் சவ்வின் அடி குறுகி இருந்தால் முறுக்கத்துக்கு வாய்ப்பு கூடுகிறது. ஊஞ்சலின் இரண்டு கயிறுகளையும் உத்தரத்தில் அருகருகே கட்டிப் பார்த்தால் இது விளங்கும். பலகை சுலபமாகச் சுழன்று கயிறுகள் பின்னிக்கொள்ளும். தள்ளிக் கட்டினால் அப்படிச் சுழலாது.

ஏன் நீள்கிறது?

சிலருக்கு இது பிறவியிலேயே அமைந்தது. வேறு சிலருக்கு நீண்டகால மலச்சிக்கலாலும் வயது ஏறுவதாலும் குடல் தளர்ந்து நீள்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், குறிப்பாகப் பொலிவியா, பெரு நாடுகளில், உயரமான இடங்களில் வாழும் மக்களிடம் நீண்டு அகன்ற பெருங்குடல் அதிகம் காணப்படுகிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் குடலில் உள்ள வாயு விரிவடைவதும், நார் மிகுந்த முரட்டு உணவும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இந்தியா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, தென்னமெரிக்கா ஆகிய பகுதிகளில் வளைகுடல் முறுக்கம் கூடுதலாக இருப்பதால் மருத்துவ நூல்கள் இவற்றைச் சேர்த்து 'வால்வுலஸ் பட்டை' என்கின்றன. மேலைநாடுகளில் இது பெரும்பாலும் படுக்கையில் கிடக்கும் முதியோருக்கு வருகிறது. நம் நாட்டிலோ உழைக்கும் வயதிலுள்ள ஆண்களுக்கும் வருகிறது. நார் மிகுந்த உணவால் மலம் பருத்து, அந்தச் சுமையில் குடல் நீள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

அதைப் படித்துவிட்டுக் கம்பங்கூழையும் குதிரைவாலிச் சோற்றையும் ஒதுக்கத் தேவையில்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைந்த சிறுதானியங்களையே உண்ட தலைமுறை மறைந்துவருகிறது. தீட்டிய அரிசியும் இரவுப் பரோட்டாவும் தரும் மலச்சிக்கல்தான் இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் புகார்.

பச்சிளங்குழந்தைகளைப் பற்றி ஒரு குறிப்பு. பிறந்து 48 மணி நேரமாகியும் குழந்தை முதல் மலம் கழிக்காவிட்டால் அது வேறு கதையாக இருக்கலாம். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறை அது. 1886-இல் அதை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் பெயரால் அது வழங்குகிறது. 'குடல் நீளம்' என்று சமாதானம் சொல்லாமல் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறிக்கையைப் பார்த்து அஞ்சுதல்

வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனிலோ பெருங்குடல் அகநோக்கியிலோ 'ரிடன்டன்ட்', 'டார்ச்சுவஸ்' என்ற சொற்களைக் கண்டு, குடல் முறுக்கிக்கொண்டுவிட்டதாகக் கலங்குவோர் உண்டு. 'ரிடன்டன்ட்' என்றால் தேவைக்கு மேல் நீளமானது. 'டார்ச்சுவஸ்' என்றால் நெளிந்து வளைந்து செல்வது. இவை அமைப்பைச் சொல்லும் சொற்கள். 'வால்வுலஸ்' என்ற சொல் இருந்தால் மட்டுமே முறுக்கம் என்று பொருள்.

நீளமான குடலைக் குற்றவாளியாக்கிய காலமும் ஒன்று இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சர் ஆர்பத்நாட் லேன், குடலில் தேங்கும் மலம் உடல் முழுவதையும் நஞ்சாக்குகிறது என்று நம்பினார். மலச்சிக்கலுக்காகவே பலருக்குப் பெருங்குடலை அறுத்து அகற்றினார். சக மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. 'குடலைக் கழுவி நஞ்சை எடுக்கிறோம்' என்று இன்று வரும் விளம்பரங்கள் அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சமே.

அன்றாட வாழ்க்கை

நீண்ட குடலில் மலம் கூடுதல் நேரம் தங்குகிறது. தங்கத் தங்க நீர் உறிஞ்சப்பட்டு மலம் காய்ந்து இறுகுகிறது. வயிறு உப்புதல், முழுதாகக் கழியாத உணர்வு, இடது அடிவயிற்றில் வந்துபோகும் வலி ஆகியன இதனால் வருபவை. வாயு பிரிந்ததும் வலி தணிந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. நீள்பெருங்குடல் உள்ளவர்கள் அந்த அளவை ஒரே நாளில் எட்ட முயன்றால் வயிறு பானைபோல் உப்பும். கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா என ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மொச்சை, கொண்டைக்கடலை போன்றவை சிலருக்கு மிகுந்த வாயுவைத் தரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஓரளவு குறையும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்துவந்தால் இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும்.

நாரோடு நீரும் சேர வேண்டும். இசப்கோல் உமியை ஒரு பெரிய தம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். நீர் போதாமல் விழுங்கினால் அதுவே ஊதி அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வயலிலும் கட்டடப் பணியிலும் இருப்பவர்கள் வியர்வையில் இழக்கும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் இயல்பாக அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் வரும் உந்துதல் இதனால்தான். அதை அடக்காமல், நாள்தோறும் அதே நேரத்தில் கழிப்பறைக்குச் செல்லப் பழக வேண்டும். குந்தி அமரும்போது மலக்குடலின் கோணம் நேராகி மலம் எளிதாக வெளியேறும். மேலைநாட்டுக் கழிப்பறையில் அமர்பவர்கள் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலியை வைத்துக்கொள்ளலாம்.

அடக்கும் பழக்கம் பெரும்பாலும் பள்ளியில்தான் தொடங்குகிறது. கழிப்பறை சுத்தமாக இல்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருக்கும் மாணவிகளை ஆசிரியப் பணியில் இருந்த எவரும் பார்த்திருப்பர். இதை அந்தப் பிள்ளையின் 'கெட்ட பழக்கம்' என்று ஒதுக்குவது நியாயமன்று. கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இல்லாத இடத்தில் சுகாதாரப் பாடம் நடத்திப் பயனில்லை.

மருந்துகளில் லாக்டுலோஸ் சிரப் மலத்தை இளக்கும்; ஆனால் வாயுவைக் கூட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளில் அந்தத் தொல்லை குறைவு. நிலாவாரை நம் பக்கத்துச் சரக்கு. உலகச் சந்தையில் அதன் பெயரே 'தின்னவேலி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சரக்கு. குடலைத் தூண்டி இயக்கும் மருந்து அது. எப்போதாவது பயன்படலாம். மூலிகைதானே என்று மாதக்கணக்கில் மருத்துவரைக் கேட்காமல் தினமும் உண்பது சரியன்று. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி நிவாரணிகள், மனநல மருந்துகள் ஆகியனவும், தைராய்டு சுரப்புக் குறைவும் மலச்சிக்கலைத் தரும். எல்லாப் பழியையும் குடலின் நீளத்தின்மேல் போடும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்குப்பின் புதிதாக வந்த மலச்சிக்கல், மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவை இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அகநோக்கிப் பரிசோதனைக்குச் செல்லும்போது 'எனக்குக் குடல் நீளம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது உதவும். குழாய் வளைவுகளில் சிக்காமல் இருக்க வயிற்றை அழுத்திப் பிடிப்பது, புரண்டு படுக்கச் சொல்வது போன்றவற்றுக்கு மருத்துவர் ஆயத்தமாக இருப்பார். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

முறுக்கிக்கொள்ளும்போது

வளைகுடல் சவ்வோடு சேர்ந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அதன் இரண்டு முனைகளும் அடைபடும். உள்ளே அகப்பட்ட வாயு வெளியேற வழியின்றிப் பெருகும். முதலில் இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் சிரைகள் நசுங்குகின்றன, குடல் வீங்குகிறது. பிறகு தமனிகளும் அடைபட்டுக் குடல் அழுகத் தொடங்குகிறது. அது கிழிந்தால் மலம் வயிற்றறைக்குள் பரவும்.

இதன் அடையாளங்கள்: வயிறு திடீரென உப்பித் தட்டினால் மத்தளம்போல் ஒலிப்பது, விட்டுவிட்டுப் பிசையும் வலி, மலம் மட்டுமன்றி வாயுவும் வெளியேறாமல் நின்றுபோவது. வாந்தி தாமதமாகவே வரலாம். ஆகவே வாந்தி இல்லை என்பதால் நிம்மதி அடையக் கூடாது. முன்பும் இதேபோல் உப்பி, பெரும் வாயுவோடு தானாக விடுபட்ட அனுபவம் சிலருக்கு இருக்கும். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவது, காய்ச்சல், வயிறு பலகைபோல் இறுகுவது, மயக்கம், மலவாயில் இரத்தம் ஆகியவை குடல் அழுகுவதைக் காட்டும். கர்ப்பிணிகளுக்குப் பெருத்த கருப்பை வளைகுடலைத் தள்ளி முறுக்கக்கூடும். உப்பலும் வலியும் கர்ப்பத்தால் வந்தவை என்று எண்ணி விட்டுவிடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

நம் ஊர்களில் நேரம் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். 'கேஸ்' என்று சோடா குடிப்பர். ஓமத் தண்ணீர் கொடுப்பர். 'குடல் ஏறிவிட்டது' என்று எண்ணெய் தடவிக் குடல் தட்டுபவரிடமோ தொக்கம் எடுப்பவரிடமோ அழைத்துச் செல்வர். சாதாரண வாயுத் தொல்லையில் ஓமத் தண்ணீரால் கெடுதல் ஒன்றுமில்லை. முறுக்கிய குடலுக்கு அது எட்டவே எட்டாது. வீங்கிய குடலை அழுத்தித் தேய்ப்பது கிழிசலுக்கு வழிவகுக்கலாம். விளக்கெண்ணெயும் பேதி மாத்திரையும் அதைவிடத் தீங்கானவை. அடைத்த குழாயை அவை பின்னாலிருந்து தள்ளும். வாயு பிரியாமல் வயிறு உப்பிக்கொண்டே போனால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். விடியட்டும் என்று காத்திருப்பதே தூரத்தைக் கூட்டுகிறது.

சிகிச்சை

வயிற்று எக்ஸ்-ரே படத்தில் உப்பிய வளைகுடல் பெரிய காப்பிக்கொட்டைபோல், அல்லது மடித்துப் பிடித்த சைக்கிள் டியூபைப்போல் தெரியும். ஐயமிருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பர். அதில் சவ்வும் இரத்தக்குழாய்களும் நீர்ச்சுழிபோல் சுற்றியிருப்பது தெரியும்.

குடல் அழுகவில்லை என்று தெரிந்தால் முதலில் மலவாய் வழியாக அகநோக்கியைச் செலுத்தி முறுக்கை விடுவிப்பர். நார்வே மருத்துவர் புரூஸ்கார்டு 1947-இல் வெளியிட்ட அனுபவங்களுக்குப் பிறகு இம்முறை பரவலானது. முறுக்கு விடுபட்டதும் வாயுவும் நீர்த்த மலமும் வேகமாக வெளியேறும். நோயாளி அந்த நிமிடமே வலி குறைந்து ஆசுவாசமடைவார். மீண்டும் சுற்றிக்கொள்ளாதிருக்க ஒரு குழாயை ஓரிரு நாள் உள்ளேயே வைத்திருப்பர்.

வலி போய்விட்டது என்று அத்தோடு வீட்டுக்குப் புறப்படுவோர் பலர். நீளமும் குறுகிய அடியும் அப்படியே இருப்பதால் முறுக்கம் மீண்டும் வருவது மிகச் சாதாரணம். எனவே உடல்நிலை இடங்கொடுத்தால் அதே மருத்துவமனைத் தங்கலிலேயே வளைகுடலின் கூடுதல் பகுதியை அகற்றி முனைகளை இணைக்கும் அறுவையை மருத்துவர்கள் பரிந்துரைப்பர். திட்டமிட்டுச் செய்யும் இந்த அறுவையைவிட அழுகிய குடலுக்கு அவசரமாகச் செய்யும் அறுவையில் உயிரிழப்பு பன்மடங்கு அதிகம். அவசர நிலையில் முனைகளை உடனே இணைப்பது பெரும்பாலும் இயலாது. அழுகிய பகுதியை நீக்கிவிட்டு, மேல்முனையை வயிற்றின் முன்சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து மலப்பை பொருத்துவர். பிரான்சு நாட்டு ஹென்றி ஆர்ட்மன் பெயரால் வழங்கும் முறை இது. உடல் தேறியபின், பொதுவாகச் சில மாதங்கள் கழித்து, இன்னொரு அறுவையில் முனைகளை இணைத்துப் பையை நீக்கலாம். முதியோர் சிலருக்கு அது நிலையாகவே இருந்துவிடும்.

வளைகுடலை இழந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் நாளைக்கு மூன்று நான்கு முறை மலம் போகலாம். மலம் இளகலாக இருப்பதும் வழக்கம்தான். குழைந்த சோறு, இட்லி, மோர், வேகவைத்த காய் என்று தொடங்கி நார் மிகுந்த உணவுக்கு மெல்ல மெல்லத் திரும்ப வேண்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் குடல் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். கனமான மூட்டை தூக்கும் வேலை செய்பவர்கள் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வராதிருக்க, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.