காஞ்சி தந்த இசைக்குரல்

இறைவன் ஒருவருக்கு அருளும் கொடை அவருக்கு மட்டும் உரியதன்று. பலருக்கும் பயன்படவே அது அளிக்கப்படுகிறது. விளக்கை ஏற்றி மரக்காலால் மூடுவோர் இல்லை என்று நம் ஆண்டவர் உணர்த்தியதும் இதனையே. ஆயினும் நம் இல்லங்களில் பெண்மக்கள் பலரின் விளக்குகள் மூடியே வைக்கப்பட்டு அணைந்துபோயின.

நம் ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே உள்ள காஞ்சிபுரத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜம்மாள் என்றொரு தாய் வாழ்ந்தார். நல்ல இசைஞானம் வாய்ந்தவர். ஆனால் குலப்பெண் பிறர் கேட்கப் பாடலாகாது என்பது அன்றைய கட்டுப்பாடு. உற்றார் உறவினர் முன்னிலையிலும் அவர் பாடியதில்லை. 1919ஆம் ஆண்டில் அவருக்குப் பிறந்த மகளே, பின்னாளில் நாடறிந்த தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள்.

சிறுமியின் ஆற்றலைக் கண்ட பள்ளித் தலைமையாசிரியை ஊக்கமளித்தார். தயங்கிய தந்தையாரும் இசைந்தார். காஞ்சியில் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே பட்டம்மாள் தம் ஞானத்தைப் பெருக்கிக்கொண்டார். பதின்மூன்றாம் வயதில், 1932இல், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறினார். பிராமணக் குலப் பெண்ணொருத்தி பொதுமேடையில் கச்சேரி செய்வது அந்நாளில் எவரும் எதிர்பாராத செயல்.

அத்துடன் அவர் நின்றாரில்லை. ராகம், தானம், பல்லவி என்பது தாளக் கணக்கு வழுவாமல், கற்பனையால் விரித்துப் பாட வேண்டிய கடினமான பகுதி. அது ஆண்களுக்கே கைகூடும் என்று கருதப்பட்டு வந்தது. அதனைப் பலரறியப் பாடிப் ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் பெற்றார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைத் தூய்மை கெடாது பாடினார். விடுதலைப் போராட்டக் காலத்தில் பாரதியாரின் பாடல்களை மக்களிடையே பரப்பினார். 1970இல் சங்கீத கலாநிதி விருதும், 1998இல் பத்ம விபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 2009 ஜூலை 16 அன்று, தொண்ணூறாம் வயதில், மறைந்தார்.

இத்தடைகள் பிற சமயத்தாரிடம் மட்டுமே இருந்தன என்று நாம் எண்ணிவிடலாகாது. இசைநாடகத்தில் உச்சக்குரலில் பாடும் இத்தாலிய நங்கையரை உலகம் இன்று போற்றுகிறது. ஆனால் பாப்பரசரின் ஆட்சி நிலவிய உரோமையில் நெடுங்காலம் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. திருவழிபாட்டு இசை குறித்துப் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903இல் விடுத்த மடலும் ஆலயப் பாடற்குழுவில் பெண்களுக்கு இடமளிக்கவில்லை. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர், சில வரையறைகளுடன், அதற்கு வழிவிட்டார். இன்று பெண்மக்களின் குரலின்றி நம் ஞாயிறு திருப்பலியை நினைத்துப் பார்க்க இயலுமா?

அண்மையில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய மகள் ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறாள். வார விடுமுறை நாளில் இசை பயில விரும்புகிறாள். “வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பாட்டு எதற்குச் சாமி?” என்றார் அவர். “அவள் சம்பளம் வீட்டுக்கு வேண்டும்; அவள் குரல் மட்டும் வேண்டாமோ?” என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. தலைகுனிந்து சென்றார். அடுத்த ஞாயிறன்று மகளைத் தாமே பாடற்குழுவில் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் மகள் புகழ்பெற்ற பாடகியாக வேண்டுமென்பதில்லை. பாட்டோ, படிப்போ, கைத்திறனோ, இறைவன் அவளுக்கு எதனை அளித்துள்ளான் என்பதை உற்று நோக்குங்கள். நிலத்தில் புதைத்துவைத்த தாலந்துக்கு ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். அன்று கணக்குச் சொல்ல வேண்டியவர், அதனைப் பெற்றவர் மட்டுமல்லர், புதைக்கச் சொன்னவரும்தாம். பட்டம்மாளின் குரலை உலகம் கேட்டது. அவரை ஈன்ற ராஜம்மாளின் குரலையோ எவரும் கேட்டிலர். நம் இல்லங்களில் இனி ஒரு ராஜம்மாள் வேண்டாம்.