தமிழ் யூனியன்: இனப்பெயர் தாங்கிய கழகம் பொதுக்களமான வரலாறு

ஊர் ஒன்றின் வாழ்வில் கோயிலுக்கும் பள்ளிக்கும் அடுத்த இடம் விளையாட்டுக் கழகத்துக்கு உரியது. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த இலுப்பைக்கடவை போன்ற சிற்றூர்களிலும் மாலை வேளையில் இளைஞர் திரளும் இடம் விளையாட்டு வெளியே. இவ்வாறு திரள்வோர் ஒரு பெயரின்கீழ் இணையும்போது கழகம் பிறக்கின்றது. அப்பெயர் யாருடையது, அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கும் என்னும் வினாக்களும் உடன் பிறக்கின்றன. இவ்வினாக்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட விடையாக நிற்பது, தலைநகராம் கொழும்பில் தமிழர் நிறுவிய தமிழ் யூனியன் துடுப்பாட்ட, தடகளக் கழகத்தின் வரலாறு.

ஆங்கிலேயர் ஆட்சியில் துடுப்பாட்டம் இலங்கைக்கு வந்தபோது, கழக வாழ்வும் உடன் வந்தது. ஆயின் ஐரோப்பியர் தம் கழகத்தின் கதவை நாட்டு மக்களுக்கு நெடுங்காலம் அடைத்தே வைத்திருந்தனர். இதன் விளைவாக ஒவ்வோர் இனத்தாரும் தத்தமக்கெனக் கழகம் அமைக்கலாயினர். பறங்கியர் 1896 இல் தம் பொழுதுபோக்குக் கழகத்தை நிறுவினர். 1899 ஆம் ஆண்டு சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் தோன்றின. சோனகரும் மலாயரும் தமக்கெனக் கழகங்கள் கண்டனர். எவ்வினப் பெயரும் பூணாது 1888 இல் தோன்றிய நொண்டெஸ்கிரிப்ட்ஸ் கழகம் இதற்கு விலக்காகும். எனவே இனப்பெயர் இக்கழகங்களுக்குச் செருக்கினால் மட்டும் வாய்த்ததன்று; புறந்தள்ளப்பட்டோர் தாமே அமைத்துக்கொண்ட நிழல் என்பதே பொருந்தும்.

தமிழ் யூனியனின் வளர்ச்சியில் தலையாய பெயர் பாக்கியசோதி சரவணமுத்து. சிவில் சேவையில் உயர்பதவி வகித்த இவர், கொழும்பு மாநகரின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட முதல்வராகிய இரத்தினசோதி சரவணமுத்துவின் உடன்பிறந்தார். 1948 இல் இலங்கைத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் முதல் தலைவராக விளங்கியவரும் இவரே. பொரளைக்கு அண்மையில் கழகத்தார் அமைத்த மைதானம் கொழும்பு ஓவல் எனப் பெயர் பெற்று, 1945 முதல் பெரும்பந்தயங்களின் களமாயிற்று. பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

1948 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்ற டொன் பிரட்மனின் ஆஸ்திரேலிய அணி, வழியில் இங்கு இலங்கை அணியை எதிர்த்தாடியது. பிரட்மன் 20 ஓட்டங்களே பெற்றார். ஆடுதளத்தை அளந்தபோது 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தமை வெளிப்பட்டது! அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவம் தமிழ் யூனியனின் ஆட்டக்காரர். 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்த அவர், பிற்காலத்தில் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார்.

இலங்கை தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கெதிராக ஆடியதும் இம்மைதானத்திலேயே. அதில் இங்கிலாந்து 7 விக்கெட்டுகளால் வென்றது. அடுத்த ஆண்டு ஆடியில் மூண்ட இனக்கலவரம் கொழும்புத் தமிழர் வாழ்வைச் சிதைத்தது. பல்லாயிரவர் நகரை நீங்கினர், நாட்டையே நீங்கினோரும் பலர். தமிழரென்னும் பெயரே ஆபத்தாய் முடிந்த அக்காலத்தில், அப்பெயரைக் கழகம் கைவிடவில்லை. 1985 செப்டெம்பரில் துலீப் மென்டிசின் தலைமையில் இலங்கை அணி இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. முழு நாடும் கொண்டாடிய அவ்வெற்றி கிட்டிய மண், தமிழ்க் கழகத்தின் மண்.

கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் இக்கழகத்தின் சார்பில் ஆடியவர். 1992 முதல் 2010 வரை 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிங்களவரான ரங்கன ஹேரத், சுரங்க லக்மால் முதலியோரும் இக்கழகத்துக்காக ஆடியவர்களே. 2015–16 ஆம் பருவத்தில் இக்கழகம் பிரீமியர் போட்டித்தொடரை வென்றபோது, அவ்வெற்றி ஓர் இனத்தார்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

இவ்வரலாற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. பெயரைத் துறவாமலே வாயிலைத் திறக்கலாம் என்பது ஒன்று. கிண்ணங்கள் கைமாறும், ஆட்டக்காரர் ஓய்வுபெறுவர், மைதானமோ தலைமுறை கடந்து நிற்கும் என்பது மற்றொன்று. கிண்ணத்துக்கு முன் களத்தைத் தேடுவதும், அக்களத்தில் அயலூரானுக்கும் இடமளிப்பதும் கடலோரச் சிற்றூர்க் கழகத்துக்கும் இயலாதன அல்ல.