பள்ளி மின்னஞ்சல் மூடப்படும் முன்

பள்ளியோ கல்லூரியோ வழங்கும் மின்னஞ்சல் முகவரி அந்நிறுவனத்திற்கே உரியது. படிப்போ பணியோ முடிந்தபின் மூடப்படலாம். கணக்கு அறிக்கைகள் அம்முகவரிக்கு வருமாயின், முதலில் தங்கள் சொந்த முகவரியை வங்கியில் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறோம். பழைய மடல்களை வீட்டிற்குக் கொண்டுவருவது அதன் பிறகே.

கூகுள் கணக்காயின், ‘டேக்அவுட்’ வசதி மடல்களை எம்பாக்ஸ் கோப்பாகவும், நாட்காட்டியை ஐசிஎஸ் கோப்பாகவும், தொடர்புகளை விசிஎஃப் கோப்பாகவும் தரும். பதிவிறக்க இணைப்பு ஏறத்தாழ 7 நாட்களே செல்லும். சில பள்ளிகள் இவ்வசதியை முடக்கியிருக்கும். அங்குள்ள கணினிப் பொறுப்பாளரையே கேட்க வேண்டும்.

எம்பாக்ஸ் கோப்பைச் சொடுக்கினால் மட்டும் மடல்கள் தெரியா (பலர் திகைப்பது இங்கேதான்). தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் ஏற்றியே படிக்க இயலும். பழைய கணக்கு உயிரோடிருக்கும்போதே அவ்வாறு திறந்து சரிபார்த்துவிடுங்கள். கணக்கு விவரங்கள் அடங்கியிருப்பதால், சேமிக்கும் வன்தட்டிற்குக் கடவுச்சொல் இடுவது அவசியம்.