விரல் கேட்கும் திரை

எம். புதுப்பட்டி என்ற பெயர் செய்தித்தாளில் வந்தால், பெரும்பாலும் காவல் நிலையத்தின் பெயராகத்தான் வரும். சிவகாசிக்கு அருகே, சுற்றிலும் பட்டாசு ஆலைகள் உள்ள ஊர். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம் ஆலை வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தபோதும் அப்படித்தான் வந்தது. இறந்தவர் எண்ணிக்கை மறுநாள் தலைப்பாகும். விரல் போனவர், பார்வை மங்கியவர், முகத்தோல் சுருங்கி இமை மூட முடியாமல் போனவர் எத்தனை பேர் என்று யாரும் தலைப்புப் போடுவதில்லை. புண் ஆறியபின் மிச்ச வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

முன்பு அது ஆளோடு ஆள் மல்லுக்கட்டாக இருந்தது. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. கலெக்டர் அலுவலகமோ மதுரையில். பிறகு தூரம் குறைந்தது, படிக்கட்டு குறையவில்லை. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவர், கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து, மருத்துவ முகாம் என்று ஒரு வருடம் அலைந்தால் உதவித்தொகை மணியார்டராக வரும். கடிதம் வந்தால் தபால்காரரே படித்துச் சொல்வார். வலது பெருவிரல் இல்லையா, இடது போதும். அதுவும் இல்லையா, சாட்சிக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கைக்கு வரும் பணத்தில் டீச்செலவு கழிந்த கதையும், “அடுத்த வாரம் வா” என்ற ஒற்றைச் சொல்லில் ஓடிப்போன மாதங்களும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் எதிரே இருந்தவருக்குக் கண் இருந்தது. விரல் இல்லாத கையைப் பார்த்துவிட்டு விரல் ரேகை கேட்கமாட்டார்.

1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இணையதளம் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அரசு கணினிக்குள் போனபோது முதலில் அடிபட்டவர்கள் பார்வையற்றவர்கள். அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்கள் புழங்கின. திரையில் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே இருந்ததோ வேறு குறியீடு. திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் அதை வாசித்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம்தான் காதில் விழும். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றது. நாள்காட்டியும் புத்தகமும் அச்சடித்தே பேர்பெற்ற சிவகாசிக்கு எழுத்துரு என்பது கண்ணுக்கான விஷயம். காதால் படிப்பவருக்கு எழுத்தின் அழகு பொருட்டில்லை, உள்ளே இருக்கும் குறியீடுதான் எழுத்து.

இன்று செலவில்லாத திரைவாசிப்பான்கள் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ கணினியில் தமிழ் படிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியின் டாக்பேக்கும் தமிழில் பேசும். கருவி தயார், படிக்கக் கொடுக்கும் தாள்தான் தயாரில்லை. இன்றும் பல அலுவலகங்களில் சுற்றறிக்கையை ஒருங்குறியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பிறகு அதை அச்சடித்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்தது படமாகிவிடுகிறது. திரைவாசிப்பான் வாயடைத்து நிற்கிறது. மூலக் கோப்பு அதே மேசைக் கணினியில் சும்மா கிடக்கும். அதையும் சேர்த்து ஏற்ற இரண்டு நிமிடம் ஆகுமா?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009இல் வந்தன. 2018இலும் 2023இலும் திருத்தப்பட்டன. 2017 ஏப்ரல் 19 முதல் நடப்புக்கு வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தையே பேசுகிறது. விருதுநகர் மாவட்ட இணையதளத்தைத் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் பொத்தான்கள் இருக்கின்றன. நல்லதுதான். என்றாலும் பொத்தான் வைத்ததோடு வேலை முடிந்தது என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் தொல்லை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்: செய்தால் நல்லது என்ற அளவில் நிற்கும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதி வேண்டும்.

பட்டாசு வட்டாரத்துக்கு மட்டும் உரிய ஒரு கொடுமையும் இதில் உண்டு. ஆலையில் வெடிமருந்து செலுத்தும்போது உராய்வில் வெடித்தால் முதலில் போவது விரல், அடுத்து கண், பிறகு முகம். நீ யார் என்று நிரூபிக்கத் திரை கேட்பதும் இந்த மூன்றைத்தான்: விரல் ரேகை, கருவிழி, முகம். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகைக் கருவி வந்தது. தீப்பட்டு வழுவழுப்பான விரலை அதில் எத்தனை முறை அழுத்தினாலும் “ரேகை விழலை” என்ற பதில்தான். அந்தப் புதிய சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் அமில வீச்சுக்கு ஆளானவர்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்; வெடிவிபத்தில் வெந்தவர்களுக்குத் தனிப் பெயரில்லை. கை கால் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்று ஏதாவதொரு கணக்கில்தான் அவர்கள் நுழைய வேண்டும்.

அமில வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் போட்ட வழக்கு அதனால்தான் எம். புதுப்பட்டிக்கும் உரியது. வங்கிக் கணக்கு தொடங்கப் போனவரிடம் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் இமையை அசைக்க முடியாது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், காகித வழி தொடர வேண்டும், தளங்களை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்று மொத்தம் 20 உத்தரவுகள். முன்பு சாட்சிக் கையெழுத்தால் தபால்காரர் முடித்துக்கொடுத்த காரியத்தை மீட்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்திருக்கிறது!

மாற்றம் வராமலில்லை. ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவி வரத் தொடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. ஆனால் எல்லாத் திட்டத்தையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப முடியாது. சான்றிதழும் ஓய்வூதியமும் நிவாரணமும் திரை வழியாகத்தான் வரும். இந்த மாவட்டத்தில் புதிதாக ஒரு அரசுத் தளமோ செயலியோ வந்தால், விபத்தில் விரல் இழந்த ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத் திறக்கட்டும். வெளியூர் நிறுவனத்தின் தணிக்கைச் சான்றைவிட அந்த ஒரு மணி நேரம் உபயோகமானது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, ரேகை விழாத கை இருந்தால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரேகை பதியவில்லை என்பதற்காகப் பயனாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, மாற்று வழி தர வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ரேஷன் கடையில் மறுத்தால் திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.