லேஆஃப் லிஸ்ட் எப்போ எழுதப்படுது?



இந்த வார எபிசோட்ல லேஆஃப் பத்தி பேசினோம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேர், 2024-ல் நம்ம சான் ஹோசே சிஸ்கோ இரண்டு தடவை. நேரம் பத்தாம விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்க எழுதுறேன்.

பணக் கஷ்டம் வந்தா கம்பெனி ஆளைக் குறைக்கலாம். சட்டம் அதைத் தடுக்காது. ஆனா ஏன் குறைக்கிறோம் என்பது ஒரு கேள்வி, ஏன் இவரை எடுக்கிறோம் என்பது வேற கேள்வி. கஷ்ட காலம் முதல் கேள்விக்குத்தான் பதில். பிரச்சினை என்னன்னா, ஆயிரம் பேர் ஒரே நாளில் போகும்போது இரண்டாவது கேள்வியை யாரும் கேக்கிறதில்ல. "எல்லாருக்கும்தானே நடந்தது" என்று வீட்டிலேயே சொல்லிடுவாங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: நான் வக்கீல் இல்ல. கான்ட்ராக்ட்ல வேலை பாக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆள். உங்க சொந்த விஷயத்துக்கு வேலைச் சட்டம் தெரிஞ்ச வக்கீலைப் பாருங்க.

சட்டம் என்ன கேக்குது?

1964 சிவில் உரிமைச் சட்டத்தின் டைட்டில் செவன், 15 பேரோ அதுக்கு மேலோ வேலை பாக்கிற இடங்களுக்குப் பொருந்தும். இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பாத்து வேலையை விட்டு எடுக்கக் கூடாது. 40 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 1967-ல் தனிச் சட்டம் வந்தது. கலிபோர்னியாவின் சட்டம் இன்னும் அகலம். 5 பேர் இருந்தாலே போதும். வம்சாவளியையும் அது சேர்த்துச் சொல்லுது. விசாவில் இருக்கிறவங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

வெளிப்படையா யாரும் "இவர் வயசானவர், எடுத்துடு" என்று எழுதறதில்ல. "சம்பளம் அதிகமா இருக்கிறவங்களை முதல்ல எடுப்போம்" என்பாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அதிக சம்பளம் யாருக்கு? இருபது வருஷம் அனுபவம் உள்ள, உங்க அப்பா அம்மா வயசுக்காரங்களுக்கு. சம்பளத்தை வெச்சு ஆளைப் பிரிக்கிறது வயசானவங்களை மொத்தமா பாதிச்சா, அது வயசுப் பாகுபாடாகலாம் என்று கலிபோர்னியா சட்டத்தில் தனியாவே ஒரு பிரிவு இருக்கு.

சிஸ்கோ வழக்கு

2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா அரசு, சான் ஹோசேயில் இருக்கிற மத்திய நீதிமன்றத்தில் சிஸ்கோ மேல வழக்குப் போட்டது. அதே வருஷம் அக்டோபரில் அதை சான்டா கிளாரா கவுன்ட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. பாதிக்கப்பட்டதாச் சொன்னவர் ஒரு தலித் இன்ஜினியர். அவர் பேர் வெளியிடப்படல.

அரசு வெச்ச குற்றச்சாட்டு இதுதான். இவர் ஐஐடியில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலதிகாரி டீமில் சிலரிடம் சொன்னார். 2016-ல் இவர் எச்ஆரிடம் போனார். சாதிப் பாகுபாடு சட்ட விரோதம் இல்ல என்று அங்க சொன்னாங்க. அப்புறம் பொறுப்புகள் குறைஞ்சது, டீமில் தனியாக்கப்பட்டார், போனஸும் சம்பள உயர்வும் வரல. சிஸ்கோவும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளும் இதை மறுத்தாங்க. 2023 ஏப்ரலில் இரண்டு அதிகாரிகள் மேல இருந்த வழக்கை அரசே திரும்பப் பெற்றது. கம்பெனி மேல இருந்தது தொடர்ந்தது.

யார் சொன்னது சரி என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுடுவோம். நமக்கு முக்கியம், குற்றச்சாட்டின் வடிவம். அதில் யாரும் அவரை வேலையை விட்டுத் துரத்தினதாச் சொல்லல. பொறுப்பு போச்சு, போனஸ் போச்சு, டீமில் தனியாக்கப்பட்டார் என்பதுதான் புகார். இப்படி ஒருத்தருக்கு இரண்டு வருஷம் நடந்தா ரேட்டிங் என்ன ஆகும்? கஷ்ட காலம் வரும்போது "ரேட்டிங் குறைவா இருக்கிறவங்க" என்று ஒரு ஷீட் தயாராகும். லிஸ்டை எடுத்த மேனேஜருக்கு சாதியே தெரியாம இருக்கலாம். நல்ல காலத்தில் நடந்த ஓரவஞ்சனை, கெட்ட காலத்தில் வெறும் நம்பரா மாறிடும். தலைப்பில் இருக்கிற கேள்விக்கு என் பதில் இதுதான்: லிஸ்ட் எழுதப்படுறது பிராஜெக்ட் பிரிக்கிற அன்னிக்கு.

சாதியைச் சட்டத்தில் பேர் சொல்லியே சேர்க்க எஸ்பி 403 மசோதா வந்தது. ஏற்கெனவே இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் 2023 அக்டோபரில் அதை நிராகரித்தார்.

நம்ம ஆளுங்க இன்னொரு பக்கத்திலும்

1994-ல் சென்னையில் தொடங்கின காக்னிசன்ட் மேல லாஸ் ஏஞ்சலஸ் மத்திய நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தெற்காசியர் அல்லாதவங்களை பெஞ்ச்ல உட்கார வெச்சு அப்புறம் வேலையை விட்டு எடுத்தாங்க என்பது புகார். கம்பெனி பாகுபாடு காட்டியது என்று 2024 அக்டோபரில் ஜூரி தீர்ப்பு சொன்னது. அப்பீல் போறதா கம்பெனி சொன்னது. நமக்குப் பாதுகாப்பு தர்ற அதே சட்டம் நம்மகிட்டயும் கணக்கு கேக்கும்.

கான்ட்ராக்டர்கள் கவனத்துக்கு

"நீ எங்க எம்ப்ளாயி இல்ல" என்று கிளையன்ட் கை கழுவுவாங்க. ஏஜென்சி மூலமா டபிள்யூ-2வில் இருந்தா, ஏஜென்சி, கிளையன்ட் இரண்டு பேருக்குமே பொறுப்பு வரலாம் என்று மத்திய சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈஈஓசி 1997-லேயே விளக்கம் கொடுத்திருக்கு. கிளையன்ட் பாகுபாட்டோட "வேற ஆள் அனுப்பு" என்று கேட்டு, அது தெரிஞ்சும் ஏஜென்சி அனுப்பினா அதுவும் தப்புதான். உண்மையிலேயே 1099 சுயதொழில் என்றால் டைட்டில் செவன் வராது. ஆனா கலிபோர்னியாவில் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு உங்களுக்கும் இருக்கு.

செய்ய வேண்டியது

1. நாள் போட்டு எழுதி வைங்க. எந்தப் பொறுப்பு, எப்போ, யார்கிட்ட போச்சு? சொந்த நோட்டுல எழுதுங்க, ஆபீஸ் லேப்டாப்ல வேண்டாம். கம்பெனி ரகசிய ஃபைல்களை சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க.

2. புகாரை எழுத்தில் கொடுங்க. நல்லெண்ணத்தோட புகார் கொடுத்தவரைப் பழிவாங்குறது தனிக் குற்றச்சாட்டு.

3. செவரன்ஸ் பேப்பரில் அன்னிக்கே கையெழுத்து போடாதீங்க. பொதுவா அதில் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிற வரி இருக்கும். கலிபோர்னியாவில் வக்கீலைக் கேக்க குறைஞ்சது 5 வேலை நாள் தரணும். குழுவா எடுக்கும்போது 40 வயசு தாண்டினவங்களுக்கு 45 நாள், கையெழுத்து போட்ட பிறகும் மனசு மாற 7 நாள். அதோட, யாரை எடுத்தாங்க, யாரை வெச்சுக்கிட்டாங்க என்ற பதவி, வயசுப் பட்டியலும் தரணும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தக் கவர் வந்தா, கூட உட்கார்ந்து படிங்க.

4. கெடு தெரிஞ்சுக்கோங்க. கலிபோர்னியா சிவில் உரிமைத் துறையில் 3 வருஷம். ஈஈஓசியில் இங்க 300 நாள். டெக்சாஸ், நியூ ஜெர்சியில் இருக்கிறவங்களுக்கு மாநில அமைப்பில் 180 நாள்தான்.

எச்-1பியில் இருக்கிறவங்களுக்கு வேலை போனா இன்னொரு கடிகாரமும் ஓடும்: அதிகபட்சம் 60 நாள். அந்த அவசரத்தில் மேல சொன்ன எல்லாமே மறந்து போகும். அதனால வேலை இருக்கும்போதே இந்த மெயிலை அவங்களுக்கு அனுப்பி வைங்க.

கடைசியா, உங்கள்ல நிறைய பேர் சீக்கிரமே லீட் ஆவீங்க. அடுத்த ஸ்பிரின்ட்ல முக்கியமான வேலையை யாருக்குத் தர்றீங்க, யாரை மீட்டிங்குக்குக் கூப்பிட மறக்கிறீங்க என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்க. அடுத்த லேஆஃப் லிஸ்டில் உங்க கையெழுத்தும் இருக்கும்.

அடுத்த வாரம் பாப்போம்.